தோரியம் போட்ட திருவுளச்சீட்டு

யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கொன்றில் கனகாலம் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். பிறந்தது அச்சுவேலி, வெங்காயமும் புகையிலையும் செய்கிற வீடு. காலையில் பஸ் ஏறி வருவேன், பின்னேரம் பஸ் ஏறிப் போவேன். அந்தக் கரையில் எனக்கு விழுந்த பட்டம் ‘வெங்காயத் தம்பி’. தலை நரைத்த பிறகும் தம்பிதான். வெங்காயத்தையும் யாரும் விடவில்லை.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிக் கொஞ்ச வருசம் ஆகிறது. கடற்காற்றைத் தேடுகிறேனா என்று கேட்டால் இல்லை. அந்தச் சனத்தின் கதையைத்தான் தேடுகிறேன். ஒருவர் செத்துப்போன ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “தம்பி, இது கதைக்கமாட்டன் எண்டு நேர்த்தி வச்சிருக்கு” என்பார். இன்னொருவர் படகில் பூட்டும் ஜி.பி.எஸ் கருவியை நீட்டி, “உது என்னைத் தேத்தண்ணிக் கடைக்குள்ளை நங்கூரம் போடச் சொல்லுது” என்பார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் பழைய சஞ்சிகைகளிலும், பிறகு போனில் பார்த்த வீடியோக்களிலும், இப்படிப்பட்டவர்களின் வாயிலும் படித்ததுதான்.

இப்போது சொல்லப்போவது ஒரு அக்காவின் கதை. அவவின் புருசன் களங்கட்டி வலைக்காரர். ஆழமில்லாத பரவைக் கடலுக்குள் வரிசையாய்த் தடி நட்டு, வலை கட்டி, மீனை வழிகாட்டி உள்ளே கூட்டிப்போய் மடக்குவது களங்கட்டி. தடி நடுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். அந்தக் கரையில் ஆறு வீட்டுக்கு ஆறு பாடு. ஐந்தில் நீரோட்டம் உண்டு, மீனும் உண்டு. ஆறாவது கரையோடு ஒட்டிய சேத்துப் பாடு. காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மீன் வழிதவறி வந்தால்தான் உண்டு.

எந்த வீட்டுக்கு எந்தப் பாடு என்பதை வருசத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், கோயில் வளவில் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். மீனவர் சங்கத் தலைவர் ஆறு துண்டு எழுதிச் சுருட்டி ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்குவார். பதிவுப் புத்தகத்தில் இருக்கிற ஒழுங்கில் வீட்டுக்கு ஒருவர் வந்து ஒன்றை எடுப்பார். கர்த்தர் கற்பித்த செபம் சொல்லித்தான் பேணி திறக்கும். விழுந்ததை மாற்றக் கேட்கிற வழக்கம் இல்லை.

அக்காவின் புருசன் காய்ச்சலில் போனபோது அவவின் பேரைப் புதிதாய் எழுதினார்கள். புதிதென்றபடியால் கடைசியில். அந்த வருசம் கடைசியாய் மிஞ்சின சீட்டு சேத்துப் பாடு. அடுத்த வருசமும் அதே. அதற்கடுத்த வருசமும். நாலாவது வருசம் சீட்டை விரித்துப் பார்க்காமலே, “சேறுதானே?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தா.

சங்கத் தலைவர் வேறு யாருமில்லை, செத்துப்போன புருசனின் மூத்த தமையன். அக்காவின் மனதில் முதல் வருசமே கணக்கு சரியாய்ப் பொருந்திவிட்டது. சேத்துச் சீட்டை மட்டும் மனிசன் இறுக்கிச் சுருட்டுகிறார், மற்ற ஐந்து பேருக்கும் விரல் பட்டதும் தெரிந்துவிடும், தொடாமல் விட்டுவிடுவார்கள். பெண்பிள்ளை களைத்துப்போய் வலையை விட்டால் தம்பியின் உரிமை தமையனுக்குத்தானே வரும். அன்றிலிருந்து அவருடன் கதையில்லை. ஒரே வேலி, இரண்டு பக்கமும் மௌனம்.

ஒருநாள் காலை போனைத் திருத்தக் கொடுத்துவிட்டு என் கடைக் கதிரையில் இருந்தா.

“தம்பி, இந்த வருசமும் சேறு விழுந்தால் தடியைப் புடுங்கிப் போட்டு மன்னாருக்குப் போறன். தங்கச்சி இறால் உரிக்கிற இடத்திலை ஆள் கேக்கினமாம்.”

“என்னக்கா, விசர்க்கதை.”

“விசரெண்டாலும் முடிவு முடிவுதான். உன்னட்டை ஒண்டு கேக்கிறன். கை வைக்காமல் சீட்டு எடுக்கிற சாமான் ஒண்டும் இல்லையோ?”

போனிலேயே இருக்கிறது என்றேன். ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஒரு எண்ணைக் கேட்டால் தரும்.

“அது எப்பிடித் தரும்?”

“உள்ளுக்குள்ளை ஒரு கணக்குப் போட்டு.”

“கணக்கெண்டால் போட்டவன் ஒருத்தன் இருப்பான். அவனுக்கு ஒரு தமையன் இருப்பான். வேண்டாம்.”

சிரித்தேன், ஆனால் அவ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. போன் தருகிற எண் பார்க்கத்தான் கண்டபடி வந்தது மாதிரி. தொடங்கின இடம் தெரிந்தவனுக்கு மிச்சமெல்லாம் தெரியும். நான் சில காலமாய் இந்த விசயத்தைத்தான் வீடியோக்களில் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும், எந்தக் கணக்குக்கும் அகப்படாத எண் வேண்டுமென்றால் அணுவுக்குள் போகவேண்டும் என்று அதில் சொன்னார்கள். குவாண்டம் என்றார்கள். எனக்குப் பாதி விளங்கியது, மீதி இனித்தது.

“அக்கா, சில சாமான்களிலை அணு தானாய் உடையும். எப்ப உடையும் எண்டு ஆருக்கும் தெரியாது.”

“ஆருக்குமோ?”

“விஞ்ஞானிக்கும் தெரியாது. கருவி போதாமல் இல்லை, எந்தக் கருவியாலையும் பிடிக்கேலாது. அந்த அணுவுக்கே தெரியாது எண்டுதான் சொல்லினம்.”

அக்கா கதிரையை இழுத்துக் கிட்ட வந்தா.

“சங்கத் தலைவருக்கும் தெரியாதோ?”

“அவருக்கும்தான்.”

“அப்ப அதைச் செய்.”

இப்படித்தான் நான் அந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினேன். அணு உடைகிறதைக் கேட்பதற்குக் கைகர் குழாய் என்று ஒன்று உண்டு. பென்சில் அளவு கண்ணாடிக் குழாய். வெளியூரிலிருக்கிற என் மருமகன், “மாமா இதுக்கும் வந்திட்டாரோ” என்று பகிடி பண்ணிக்கொண்டு ஒன்றை அனுப்பினான். அதற்கு நானூறு வோல்ற் அளவில் மின் வேண்டும். நுளம்பை மின்னால் அடித்துக் கொல்லுகிற பட் ஒன்றைப் பிரித்து, அதன் வயிற்றிலிருந்ததை எடுத்துப் பூட்டினேன். பெட்டியின் முகத்தில் ஆறு சின்ன பல்புகள். பொத்தானை அமத்தினால் வெளிச்சம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறுக்கும் ஓடி ஓடிச் சுற்றும். ஓடுகிற வேகத்தில் ஆறும் ஒன்றாய் எரிவது மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும். அடுத்த அணு எப்போது உடைகிறதோ அந்த ‘டிக்’ வெளிச்சத்தைப் பிடித்து நிறுத்தும். எந்த பல்பில் நின்றதோ அந்தப் பாடு. ஏற்கெனவே போன பாட்டில் நின்றால் திரும்ப அமத்தவேண்டும்.

உடைகிற அணுவுக்கு எங்கே போவது? பெற்றோமக்ஸ் விளக்கின் மென்டிலில் தோரியம் என்கிற சாமான் கலந்திருக்கும் என்று வாசித்திருந்தேன். கரண்ட் இல்லாத சண்டைக்கால வருசங்களில் எங்கள் கலியாணம், செத்தவீடு, ரியூசன் எல்லாம் அந்த வெள்ளைப் பையின் வெளிச்சத்தில்தானே நடந்தன. அதற்குள் அணு உடைந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? அச்சுவேலிச் சந்தையில் புது மென்டில் ஒன்று வாங்கிவந்து, பெட்டிக்குள் குழாயோடு ஒட்டி வைத்தேன். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சுவிச்சைப் போட்டேன்.

டிக். பிறகு ஒரு நீளமான மௌனம். டிக். பிறகும் மௌனம்.

“தம்பி, உது சேடம் இழுக்குது. பங்குச் சுவாமியைக் கூப்பிடட்டோ?” என்றார் படகு வைத்திருந்த ஒரு சம்மாட்டியார்.

“வெங்காயத்தாலை செய்தால் இப்பிடித்தான்” என்றார் பின்னால் நின்றவர்.

வெட்கமாய்ப் போய்விட்டது. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். இப்போது வருகிற மென்டில்களில் தோரியம் போடுவதில்லையாம். உடம்புக்குக் கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். கேட்ட டிக்கெல்லாம் காற்றிலும் மண்ணிலும் எப்போதும் உடைந்துகொண்டிருக்கிற கொஞ்சநஞ்சம்தான்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவ வீட்டுக்குப் போய் ஒரு பழைய பிஸ்கற் பேணியோடு வந்தா. உள்ளே புருசனின் தூண்டில், ஈயக்குண்டு, நைலோன் நூல். அவற்றுக்கு அடியில், அவர் வெளிச்சம் வைத்துக் கணவாய் மீன் பிடித்த காலத்து மென்டில் இரண்டு, உறை பிரிக்காமல்.

“அவர் ஒண்டையும் எறிய விடமாட்டார். எடுத்தால் ஏசுவார். இண்டைக்கு ஏசட்டும்” என்றா.

தூள் மூச்சில் போகாமலிருக்க உறையோடே இன்னொரு பைக்குள் போட்டு ஒட்டி, குழாயின் பக்கத்தில் வைத்தேன். தகரக் கூரையில் மழை தொடங்குகிற சத்தம் வந்தது. ஒழுங்கில்லாமல், விட்டுவிட்டு, திடீரென்று நாலு சேர்ந்து, பிறகு ஒன்று. அக்கா காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தா. நான் மேசை லாச்சியில் எதையோ தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

பெட்டியைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனபோது பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தலைவர் முதலாவது ஆளாய், “ஓம், மிசினாலையே எடுப்பம்” என்றுவிட்டார். பங்குச் சுவாமி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “உதுவும் அவர் படைச்ச அணுதானே. செபத்தை மட்டும் விட்டிடாதேங்கோ” என்றார்.

சீட்டு எடுக்க முதல்நாள், சனிக்கிழமை மத்தியானம், தலைவர் என் கடைக்கு வந்தார். பாறை மாதிரி உடம்பு. வாசலில் நின்றால் கடைக்குள் வெளிச்சம் வராது. ரேடியோவா, போனா என்று பார்த்தேன். கை வெறுங்கை.

“தம்பி, உந்தப் பெட்டியிலை கொஞ்சம் கை வைக்கலாமோ?”

அக்கா நினைத்தது சரிதான் என்று நினைத்தேன்.

“என்ன மாதிரி, அண்ணை?”

“அவளுக்கு ஒரு நல்ல பாடு விழுற மாதிரி.”

கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் கதிரையில் இருந்து, தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாலு வருசமாய் அவளுக்குச் சேறு விழேக்கை என்ரை வயிறு எரியுது. சீட்டிலை என்னாலை ஒண்டும் செய்யேலாது. எல்லாற்றை கண்ணும் என்ரை விரலிலை. மாத்தித் தாறன் எண்டு கேக்கவும் வழக்கம் இல்லை. கேட்டாலும் அவள் என்ரை முகத்திலை முழிக்காள். மிசினெண்டால் ஆரும் சந்தேகப்படமாட்டினம்.”

“ஏலாது அண்ணை. அது ஒருதற்றை சொல்லும் கேளாத சாமான்.”

“சரி. நான் வந்தது உன்னோடை இருக்கட்டும்” என்று எழும்பிப் போனார்.

நான் சொன்னது முழு உண்மையில்லை. தோரியம் யார் சொல்லும் கேளாதுதான். ஆனால் வயர் கேட்கும். ஆறாவது பல்புக்குப் போகிற வயரைக் கழற்றிப் பிறகு பூட்ட ஒரு மறைவான சுவிச் போதும், அரை மணித்தியால வேலை. அவர் போன பிறகு பெட்டியின் மூடியைத் திறந்து, சோல்டர் அயனைச் சூடாக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். அக்கா மன்னாருக்குப் போய்விடுவா. நான் நினைத்தால் தடுக்கலாம். ஆனால் அவ என்னிடம் நல்ல பாடு கேட்கவில்லை. யாரும் கை வைக்காத ஒன்றைக் கேட்டா. அயனின் வயரைப் பிடுங்கிவிட்டு மூடியைப் பூட்டினேன். பஸ்ஸில் போகும்போது முழுவழியும் அது சரியா பிழையா என்று என்னோடேயே வழக்குப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளவில் கரை முழுக்க நின்றது. செபம் முடிந்தது. அக்கா முன்னுக்கு வந்து, “ஒவ்வொரு வருசமும் நான் கடைசி. இந்த முறை முதல் நான் அமத்துறன்” என்றா. யாரும் மறுக்கவில்லை. தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொத்தானை அமத்தினா. ஆறு பல்பும் ஒன்றாய் எரிந்தன. ஒரு கண்வெட்டு நேரங்கூட ஆகவில்லை.

டிக்.

ஆறாவது.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, “மிசினும் ஆம்பிளைதான் போலை” என்றா. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அக்கா பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட ஆளில்லாத முகம். அது இன்னும் மோசம்.

“சரி. நாளைக்குத் தடியைப் புடுங்கிறன்” என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தா.

நான் வாய் காக்கத் தெரியாதவன், ஊரறியும். ஓடிப்போய் மறித்தேன்.

“அக்கா, ஒண்டு சொல்லவேணும். நேற்று அவர் கடைக்கு வந்தவர்.”

“எவர்?”

“உங்கடை மச்சான், சங்கத் தலைவர். பெட்டியிலை கை வைக்கச் சொல்லி.”

“எனக்குத் தெரியும்!” என்று கையைத் தட்டினா. “நான் சொன்னனான்தானே!”

“இல்லையக்கா. உங்களுக்கு நல்ல பாடு விழுத்தச் சொல்லி.”

அவவின் மனதில் நாலு வருசமாய்ப் பொருந்தியிருந்த கணக்கு ஒவ்வொன்றாய்க் கழன்று விழுவது முகத்தில் தெரிந்தது. இன்றைக்கு ஒருவரும் சுருட்டவில்லை, ஒருவரும் தொடவில்லை, அப்படியும் சேறு. அப்படியென்றால் முன்னைய நாலும்? இறுக்கிச் சுருட்டின சீட்டென்று ஒன்று இருந்ததேயில்லையோ?

நான் நினைத்தேன், அழப்போகிறா என்று. திரும்பிப் போன வேகத்தைப் பார்த்தால் அடிக்கப்போகிறா போல இருந்தது. சனத்தை விலக்கிக்கொண்டு நேரே தலைவருக்கு முன்னால் போய் நின்றா.

“ஏன் மச்சான், உங்களிட்டை நான் பிச்சை கேட்டனானோ?”

நாலு வருசத்தில் முதற் பேச்சு.

மனிசன் என்னைத்தான் பார்த்தார். நான் வளவில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தேன்.

“கள்ளப் பாட்டிலை நான் வலை கட்டுவனோ? உங்கடை தம்பி கட்டுவாரோ?”

“கட்டான்.”

“அப்ப?”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறாய், பிள்ளை? நீ நாலு வருசம் சேத்துக்கை நிக்கிறதை நான் வேலிக்குள்ளாலை பாத்துக்கொண்டு இருக்கவோ?”

“பாத்தனீங்கள்தானே! ஒரு வாய் கேட்டனீங்களோ?”

“நீ வேலிப்பக்கம் வந்தால்தானே கேக்க! கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருந்தால் கதவோடையோ கதைக்கிறது?”

இரண்டு பேரும் சத்தமாய்ச் சண்டை பிடித்தார்கள். சுவாமி இடையில் போகப் பார்த்தார். ஒரு சம்மாட்டியார் அவரின் அங்கியைப் பிடித்து, “விடுங்கோ சுவாமி, நாலு வருசப் பாக்கி” என்றார். நான் எத்தனையோ மேடைப் பேச்சுக் கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு இனிமை எதிலும் கண்டதில்லை.

களைத்த பிறகு தலைவர் சொன்னார்: “எனக்கு விழுற பாட்டை நீ எடு. நான் சேத்தை எடுக்கிறன்.”

“விழுந்ததை மாத்துறேல்லை” என்றா அக்கா. “ஆனால் ஒண்டு எழுதுங்கோ புத்தகத்திலை. இந்த வருசம் சேறு விழுந்த வீட்டுக்கு அடுத்த வருசம் சேறு விழப்படாது. அது நானெண்டாலும் சரி, ஆரெண்டாலும் சரி.”

எல்லாரும் ஓம், ஓம் என்றார்கள். நான்தான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறுக்கே விழுந்தேன். எனக்கு என் சாமானின் சுத்தம் பெரிது.

“அக்கா, அப்பிடி ஒரு விதி போட்டால் பேந்து அது முழுக்கத் தற்செயல் இல்லை. அஞ்சு தரம் தொடர்ந்து விழுறதும் தற்செயலிலை உள்ளதுதான். அணு முந்தி எங்கை நிண்டனான் எண்டு ஞாபகம் வச்சிருக்காது.”

அக்கா என்னைப் பார்த்து, முதற் தடவையாய் அன்று சிரித்தா.

“தம்பி, உன்ரை அணுவுக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. எங்களுக்கு இருக்கு. நீ உன்ரை பெட்டியைப் பாத்துக்கொள்.”

விதி புத்தகத்தில் ஏறியது. மற்ற ஐந்து வீடும் வரிசையில் வந்து பொத்தானை அமத்திப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கமுதல் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கடல் வற்றுகிற நேரம். தடி பிடுங்கப்படவில்லை, புதிதாய் நட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றா. தலைவர் உடம்புப் பாரத்துக்குத் தொடை வரை இறங்கி, ஒரு தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மன்னார்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

“மச்சான், அந்தத் தடி சரிஞ்சு நிக்குது.”

“சேத்திலை எதடி பிள்ளை நேராய் நிக்கும்?”

“நடுறவர் நேராய் நிண்டால் அதுவும் நிக்கும்.”

“வந்து நீ பிடி, பாப்பம்.”

“வாறன், வாறன். முதல் நீங்கள் வெளியிலை வாங்கோ, ரெண்டு பேரும் சேத்துக்கை தாண்டால் ஆர் இழுக்கிறது?”

அவர் வெளியே வரப் பார்த்தார், வரமுடியவில்லை. அவ ஏசிக்கொண்டே கையைக் கொடுத்தா. நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கடை திறக்க நேரம் பிந்திவிட்டது.